பாசி

வீட்டுக்குப் பின்னாலுள்ள நீச்சல் குளம் இன்று காலையிலும் பச்சையாகவே கிடக்கிறது. அவர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு படியில் நின்று நீளக் கழி பிரஷ்ஷால் சுவரைத் தேய்க்கிறார். தேய்த்த இடத்தில் நீல ஓடு கொஞ்சம் பளிச்சிடுகிறது. கிளம்பிய பாசி புகைபோல மிதந்துபோய் எதிர்ச்சுவரில் உட்கார்ந்துகொள்கிறது. கரை நாற்காலியில் மனைவி நீச்சல் உடையோடு, தோளில் துண்டோடு தயாராக இருக்கிறாள். வாதம் இழுத்த அவளுடைய வலது கால் தண்ணீருக்குள் மட்டும்தான் நடக்கும். “குளோரின் போட்டீங்களா?” “நேத்தே கொட்டினேன். விழலுக்கு இறைச்ச கதைதான்.” அவள் சிரிக்கிறாள். “பாசிகூட நீந்துது, நான்தான் கரையில குந்தியிருக்கேன்.” குளத்துத் தண்ணீரைச் சுழலவிடும் மோட்டார் ஓடாமல் தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும் என்று குளோரின் விற்றவர் நேற்றுத்தான் சொன்னார். மோட்டார் இரைச்சல் அவள் தூக்கத்தைக் கெடுக்குமே என்று ஒரு வாரமாக இரவில் அதை அணைத்துவைப்பவர் இவர்தான். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவள் இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி நகர்த்தி வைக்கிறாள். “ஒரு வாரமாத் தூக்கமும் இல்லைங்க. அந்த மோட்டார் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணே அசரும்.” பிரஷ் நிற்கிறது. தேய்த்த நீலத்தின்மேல் பாசி மெதுவாகத் திரும்பி வந்து இறங்குகிறது.