மூன்று தலைப்புகள்

ஓர் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குள் இரண்டு அட்டவணைகள் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தன. நோயாளிகள் அட்டவணை தன் விவரங்களையெல்லாம் தன் வயிற்றிலேயே வைத்திருந்தது. ரத்தக் கொடையாளர் அட்டவணைக்கோ பெயர், ரத்த வகை, போன் நம்பர் என்ற மூன்று தலைப்புகள்தான் சொந்தம். ஆட்களெல்லாம் எங்கோ தொலைவில், கிளவுட் என்கிற மேகக் கிடங்கில் இருந்தார்கள். யாராவது கேட்டால் இந்த அட்டவணை ஓடிப்போய் விவரத்தை வாங்கி வந்து கொடுக்கும். கொடுத்த கையோடு மறந்துவிடும். ஆனாலும், "என்கிட்ட நாலாயிரம் பேர் இருக்காங்க" என்று பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் ஒரு கேள்வி மூச்சிரைக்க வந்தது. "ஓ நெகட்டிவ் ஒருத்தர் வேணும், சீக்கிரம்!"

கொடையாளர் அட்டவணை ஓடியது. கிடங்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டிருந்தார்கள். இதனிடம் யாரும் சொல்லவில்லை. வெறுங்கையோடு திரும்பியது.

"காலையில ஒருத்தர் பேரைச் சொன்னியே, அதையாவது சொல்லேன்" என்று கெஞ்சியது நோயாளிகள் அட்டவணை. "என்கிட்ட ஒரு பிள்ளை படுத்திருக்கு."

கொடையாளர் அட்டவணை தனக்குள் மேலும் கீழும் துழாவியது. கடைசியில் இருந்ததைச் சொன்னது:

"பெயர். ரத்த வகை. போன் நம்பர்."

கேள்வி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. பிறகு அந்தப் பிள்ளையின் வரியில், 'நிலை' என்ற கட்டத்தை யாரோ மாற்றி எழுதினார்கள். நோயாளிகள் அட்டவணை அதையும் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டது.