காலடியில் வைத்த குழை

பேயாக நடித்தே பேரெடுத்தவன் சுஜிதன். இம்முறை படப்பிடிப்பு மாங்குளம் காட்டில். காட்டுக்குள் நுழைகிறவர்கள் ஐயனார் கல்லடியில் இலையோடு ஒரு பச்சைக் குழை முறித்து வைத்து, காவல் கேட்டுக் கும்பிடுவது அங்கே வழக்கம்.

"அண்ணை, நீங்களும் ஒரு குழை வைச்சிட்டுப் போங்கோ," என்றாள் ஒப்பனைக்கு வந்த யதுர்ஷிகா.

"பேய்க்கு என்னத்துக்குத் தங்கச்சி காவல்?" சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மத்தியானம், சாம்பல் பூசிய முகத்தோடு அவன் கமராவுக்கு முன்னால் நின்றபோது பெரிய யானையொன்று வந்தது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். சுஜிதன் மட்டும் நின்ற இடத்திலேயே கல்லாக நின்றான். யானை பாலைமரத்தில் ஒரு குழை முறித்து, அவன் காலடியில் மெதுவாக வைத்துவிட்டு விலகிப் போனது.

அப்போதுதான் பார்த்தான். அதற்குப் பின்னால் யானைகள் வரிசையில் காத்து நின்றன. அடுத்தது பாலைமரத்தை நோக்கித் தும்பிக்கையை நீட்டியது.