அக்கரைக்காரியின் வீடு

"ஆரைக் கேட்டு இந்த அத்திவாரம் போட்டனீ?"

காணிக் கந்தோர் அதிகாரி கனகரத்தினம் செருப்புக் காலால் முருகைக்கல்லைத் தட்டினார். சனிக்கிழமை பின்னேரம். குருநகர்க் கடற்கரைச் சனம் வேலியோரம் கூடிவிட்டது.

கத்தரீனா கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சேலையில் துடைத்தாள்.

"எம் புருசனோட காணி ஐயா. ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"உன்ரை புருசனுக்கு அரசாங்கம் குடுத்த காணி. அவன் செத்தாப் பிறகு உன்ரை பேருக்கு மாத்திறதெண்டால் பிரசைப் பத்திரம் வேணும். உன்னட்டை இருக்கிறது இந்தியாப் பாஸ்போட்."

"பிரசைப் பத்திரம் கேட்டுப் போனா, நிரந்தர விலாசம் எங்கங்கிறாங்க கொழும்புல. விலாசத்துக்கு வீடு கட்டினா, பிரசைப் பத்திரம் எங்கங்கிறீங்க நீங்க. இதுல எதை ஐயா நான் முதல்ல வாங்கணும்?"

"அது என்ரை வேலையில்லை. சட்டம் அப்பிடி. ஏலாட்டில் உன்ரை ஊருக்குப் போ."

கூட்டம் முணுமுணுத்தது. அவளுடைய ஊர் தனுஷ்கோடி. முந்தின வருசத்துக்கு முந்தின வருசம் மார்கழியில் வந்த புயல் அந்த ஊரையே தின்றது. இக்கரையில் அவள் புருசன் நீக்கிலாப்பிள்ளையையும் வள்ளத்தோடு கொண்டுபோனது.

"எங்க ஊரு கடலுக்குள்ள கெடக்கு ஐயா. அங்கயா போகச் சொல்றீங்க?"

கனகரத்தினம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தினார்.

வேலிக்கப்பால் நின்ற சம்மாட்டி கிறிஸ்துநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். கடற்கரையில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு.

"ஐஞ்சு சதத்துக்கு இரக்கமில்லையோ உமக்கு? தாலியறுத்தவள் தலையிலை கல்லுச் சுமந்து போட்ட அத்திவாரம் காணும்! கையை வைச்சுப் பாரும், வழக்குப் போட்டுக் கோட்டிலை சந்திப்பம்!"

"கோடோ?" கனகரத்தினத்தின் குரல் ஊருக்கே கேட்டது. "வடிவாய்க் கேட்டுக்கொள்ளும்! கூரை போட்டு, அடுப்பு மூட்டி, ஆக்கள் குடியிருக்கிற வீடெண்டால்தான் நான் கோட்டுக்குப் போகவேணும். இது வெறுங்கல்லு. திங்கக்கிழமை ஆக்களோடை வருவன். கிண்டி எறிஞ்சுபோட்டுப் போவன். ஆர் மறிக்கிறியள் எண்டு பாப்பம்!"

சைக்கிள் போய்விட்டது.

"என்ன திமிர் பாத்தியளே!" பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மண்ணை வாரித் தூற்றினாள். "எங்கடை வாசலிலை வந்து நிண்டு எங்கடை பொம்பிளையை வெருட்டுறான்!"

கத்தரீனா திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் லூர்த்தம்மாவுக்கு அவள் 'அக்கரைக்காரி'. அவள் தனியாகக் கல் சுமந்தபோது இந்த வேலிகளுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டதில்லை.

"கூரை வேணுமாம், அடுப்பு வேணுமாம் அவருக்கு!" கிறிஸ்துநாயகம் சாரத்தை மடித்துக் கட்டினார். "காட்டுவமடா உவனுக்கு!"

பக்கத்துக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு தொடங்கியது வேலை. கிறிஸ்துநாயகம் தன் பழைய வள்ளத்துப் பாய்மரத்தைக் கொண்டுவந்து முகட்டு வளையாகப் போட்டார். ஆண்கள் கப்புக் கால்கள் நட்டார்கள். பெண்கள் தென்னோலையில் கிடுகு பின்னினார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யிறது பாவமெல்லே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்தப் பாவம் முழுக்க உவன் கனகரத்தினத்தின்ரை தலையிலை!" என்றாள் லூர்த்தம்மா.

இருட்டும்வரை செய்தும் முடியவில்லை. திங்கள் விடியக் கூரையில் பாதி வெறும் வரிச்சுத் தடியாகத்தான் இருந்தது. கிறிஸ்துநாயகம் வள்ளங்களைக் கடலுக்கு விடவில்லை. ஆள்மாறி ஆள் வீதியைப் பார்த்தபடி கட்டினார்கள்.

வெயில் ஏறிவிட்டது. கடைசிக் கிடுகும் முகட்டில் ஏறியது. கத்தரீனா அடுப்பை மூட்டிக் கஞ்சிப் பானையை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கனகரத்தினம் வந்தார். பின்னால் அலவாங்குக் கம்பிகளோடு நாலு பேர்.

வாசலில் நின்று கூரையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பாயில் குந்தியிருந்து கஞ்சிக்காகக் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்த இரண்டு சிறுமிகளையும் பார்த்தார்.

"குடியிருக்கிறியளோ?"

"ஏன், கண் தெரியேல்லையோ?" என்றாள் லூர்த்தம்மா.

"அப்ப நான் தொடேலாது. இனிக் கோட்டாலைதான் பாக்கவேணும். அது எந்தக் காலம் முடியுமோ தெரியாது." விறைத்த முகத்தோடு திரும்பி நடந்தார்.

கடற்கரை முழுக்கக் கூ அடித்தது.

"மூஞ்சியைப் பாத்தியளே, வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி!" கிறிஸ்துநாயகம் கைதட்டிச் சிரித்தார்.

வந்த கூலியாட்களில் ஒருவன், கிறகோரி, தண்ணீர் கேட்டுப் பின்தங்கினான். கத்தரீனா செம்பை நீட்டினாள். அவளுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

"உங்க ஐயா பிந்தி வந்ததாலதான் எங்க கூரை தப்பிச்சுது. காலையிலயே வந்திருந்தா இடிச்சுத் தள்ளியிருப்பாரு, கல்நெஞ்சுக்காரரு!"

கிறகோரி செம்பை வாயிலிருந்து எடுத்தான். கனகரத்தினம் தூரத்தில் போவதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஆர் தங்கச்சி பிந்தி வந்தது? விடியவே வந்திட்டம். கோயில் மதிலுக்குப் பின்னாலை எங்களை இருத்தி வைச்சிட்டார். 'போவமே ஐயா, போவமே ஐயா' எண்டு கேட்டு எனக்கு வாய் உளைஞ்சு போச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"மதிலுக்கு மேலாலை எட்டி எட்டி இந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவர். 'பொறு கிறகோரி, இன்னும் புகை வரேல்லை' எண்டார்."