கையிலிருந்த ஸ்பானர்

பட்டறையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே உச்சிவெயில் ஊசி ஊசியாக இறங்குகிறது. மெக்கானிக் தம்பியின் கன்னத்தில் அண்ணனின் மூன்றாவது அறை விழுகிறது. அறைகிற அந்தக் கை, போன வருடம் இந்தத் தம்பி அடித்து முறித்து, கோணலாகவே ஒட்டிக்கொண்ட கை. "தண்ணியில முங்கி ஞானஸ்நானம் வாங்கிட்டா எல்லாம் சரியாயிடுமா? என் கை நிமிந்துடுமாடா?" தம்பியின் கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் கிரீஸ் படிந்த சட்டையில் சொட்டுகிறது. அன்று எலும்பை முறித்த ஸ்பானர் இன்றும் இவன் வலக்கையில்தான் இருக்கிறது; தோள்வரை உயர்ந்தும்விட்டது. "அடிடா! உன் ஏசு பாக்கட்டும்!" என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்துகிறான். "ஆண்டவரே, ஆண்டவரே" என்று பல்லைக் கடித்தபடி, இறுகிப்போன தன் விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறான் தம்பி. ஸ்பானர் தரையில் கணீரென்று விழுகிறது. "உன் கை நிமிராதுண்ணே," என்கிறான். "என் கை இன்னிக்குத்தான் விரிஞ்சிருக்கு."