ஒரு படி குறைவு

கேட்டி என்ற ஊரிலிருந்து சண்முகப்ரியாவும் ஆலன் என்ற ஊரிலிருந்து அவளுடைய கல்லூரித் தோழி மானஸாவும் விடுமுறைக்கு பெல்ஜியம் போனார்கள். பெயர் வாயில் நுழையாத ஒரு நகரத்தில் பகலெல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் பழைய மணிக்கூண்டில் ஏறினார்கள். ஏறும்போது மானஸா எண்ணியது இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். இறங்கும்போது இருநூற்றுப் பதினொன்றிலேயே தரை வந்துவிட்டது.

"இன்னும் ஒரு படி இருக்குடி," என்று மானஸா அங்கேயே நின்றாள்.

"தப்பா எண்ணியிருப்ப. வா, பசிக்குது," என்று ப்ரியா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

ஊர் திரும்பிய நான்காம் நாள் மானஸாவின் கணவன் இளமாறன் போன் செய்தான். "கொஞ்சம் டிரைவ் பண்ணி வர முடியுமாங்க? டாக்டர் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டார். ஆனா இவ..."

நான்கரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள் ப்ரியா. அது மாடியில்லாத வீடு. ஜன்னல் வழியே மதிய வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஹாலில் மானஸா சுவரைப் பிடித்தபடி, வலது காலால் கீழே துழாவி ஊன்றினாள். பிறகு இடது கால். ஆனால் இருந்த இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

"என்னடி பண்ற?"

"இறங்கிட்டே இருக்கேன்டி. முடியவே மாட்டேங்குது. ஒரே இருட்டு. கையக் குடு."

ப்ரியாவுக்கு அழுகை வந்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா, சோஃபால உட்காரலாம்," என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

கார்ப்பெட் இருக்க வேண்டிய இடத்தில் ப்ரியாவின் கால் ஒரு படி கீழே இறங்கியது.