செட்டிங்ஸைக் காட்டுங்க பாய்!

"அந்த பாய் ஃப்ராடு பண்றாருங்க!"

கணக்கு வாத்தியார் மாதேஸ்வரன் வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த காளியப்பன், அவசரமாக வாயைக் கொப்பளித்தார். காரிமங்கலம் செஸ் கிளப்புக்கு அவர்தான் செயலாளர்.

"எந்த பாய்ங்க சார்?"

"பாத்திரக்கடை நூர் பாஷாதான். தொடர்ந்து அஞ்சு ஞாயித்துக்கிழமை என்னைத் தோக்கடிச்சிருக்காரு. நம்பற மாதிரியா இருக்கு?"

விஷயம் இதுதான். இருவரும் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே செஸ் என்ஜினை, அதாவது தானே மூவ் யோசிக்கும் புரோகிராமை, வைத்துக்கொண்டு, போனில் மூவ் சொல்லி ஆடுவார்கள். முதல் பத்து மூவ் சொந்த மூளை. அப்புறம் என்ஜின் பாடு. யோசித்ததையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள என்ஜினுக்கு மெமரி ஒதுக்க வேண்டுமல்லவா? மெமரி கூடினால் ஆட்டமும் பலக்கும். அது ஆளுக்கு 256 எம்.பி.தான், அதற்கு மேல் கூடாது என்று பேச்சு. அந்த விதியைப் போட்டதே மாதேஸ்வரன்தான்.

"மெமரியை ஏத்தி வச்சிருக்காருங்க. கிளப் வாட்ஸ்அப் குரூப்புல ஸ்கிரீன்ஷாட் போடுங்கன்னேன். 'வேணாம் சார், விடுங்க'ங்கறாரு. தப்பு பண்ணலைன்னா எதுக்கு மறைக்கணும்?"

குரூப்பில் ஆளாளுக்குப் பேசிவிட்டார்கள். பாயைக் கிளப்பை விட்டே தூக்கணும் என்று ஒருவர் எழுத, அதற்கு முதல் கட்டைவிரல் போட்டது மாதேஸ்வரன்.

ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது தோல்விக்குப் பிறகு, அவன் மட்டும் ஏமாத்தலாமா என்று தன் என்ஜினுக்கு 1024 வைத்துவிட்டார். அப்படியும் தோற்றார்! நாம ஆயிரம் வச்சே தோத்தோம்னா, அவன் நாலாயிரமாவது வச்சிருக்கணும். எட்டாங்கிளாஸ் படிச்ச பாத்திரக்காரன் எம்.எஸ்சி. கணக்கை ஜெயிக்கறதுன்னா சும்மாவா?

"சரி, நேர்லயே போய்ப் பாத்துடலாம் வாங்க" என்றார் காளியப்பன்.

சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் நூர் பாஷாவின் முகம் மாறிவிட்டது.

"வாங்க சார், உக்காருங்க. டீ போடச் சொல்றேன்."

"டீயெல்லாம் அப்பறம். செட்டிங்ஸைக் காட்டுங்க பாய்."

"அதெல்லாம் எதுக்குங்க சார்..."

"பாத்தீங்களா, எப்படி மழுப்பறாருன்னு!"

காளியப்பன் சங்கடத்தோடு சொன்னார்: "காட்டிடுங்க பாய். உங்களைக் கிளப்புல வச்சிக்கலாமா வேணாமாங்கற வரைக்கும் பேச்சு வந்துடுச்சு."

நூர் பாஷா கம்ப்யூட்டரைப் போட்டு, என்ஜினைத் திறந்தார். மாதேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

மெமரி: 16.

"பதினாறா? என்ன பாய் இது?" என்றார் காளியப்பன்.

நூர் பாஷா தலையைச் சொறிந்தார்.

"சாரோட கம்ப்யூட்டர் பத்து வருசத்துப் பழசுங்க. என்னுது போன வருசம் வாங்குனது. ரெண்டுக்கும் ஒரே மெமரி வச்சாலும் என்னுதுதான் வேகமா ஓடும். அது நாயமில்லீங்களே? அதான் மொத வாரத்துலயே கொறச்சுக்கிட்டேன். குரூப்புல போட்டா, சாருக்கு விட்டுக்குடுத்து ஆடறேன்னு நாலு பேரு சிரிப்பாங்க. அவருக்குச் சங்கடம். அதுக்குத்தான் போடலீங்க."

அப்படியென்றால் தன்னைத் தோற்கடித்தது பாயின் சொந்த மூளை ஆடிய முதல் பத்து மூவ்தான் என்று மாதேஸ்வரனுக்குப் புரிந்தது. இந்த மனுஷனையா ஊர் பூரா ஃப்ராடு என்று சொல்லித் திரிந்தோம்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

காளியப்பன் போனை எடுத்தார். "ரெண்டு பக்கமும் பாத்தாச்சுன்னு குரூப்புல போட்டாத்தான் முறையா இருக்கும். வாங்க சார், அப்படியே உங்க வூட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்."

மாதேஸ்வரனுக்குத் தன் 1024 ஞாபகம் வந்தது. இப்பவே சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நாக்குத்தான் எழவில்லை.

நூர் பாஷா குறுக்கே வந்தார்.

"வேணாங்க. ஒரு வாத்தியார் வூட்டுல போய்ச் சோதனை போடறதாவது! எனக்கு நடந்தது அவருக்கும் நடக்கணுமா? சாரோட வார்த்தை ஒண்ணு போதுமுங்க எனக்கு."