கூடையில் போகும் பால்

எஸ்டேட் டிஸ்பென்சரியின் ஒற்றைக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடக்கிறாள் இசக்கியம்மா. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவை மஞ்சு மூடுவதும் விலகுவதுமாக இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையைச் சூட்டில் வைத்துக் காக்கும் பெட்டி இங்கே இல்லை. அதனால் முந்தாநாள் கொழுந்துக் கூடையில் பஞ்சு பரப்பி, வெந்நீர் பாட்டில்களுக்கு நடுவே படுக்கவைத்து, ஜீப்பில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையல் போட்ட உடம்பு மலைப்பாதையில் குலுங்கக்கூடாதென்று இவளை விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது மார்பு கல்லாய்க் கனக்கிறது. நனைந்த ரவிக்கை சில்லென்று ஒட்டுகிறது. “பீச்சி உட்ரு கண்ணு, கட்டிக்கிச்சுன்னா காய்ச்சல் வந்துரும்” என்று ஆயா தபித்தாள் கிண்ணத்தை நீட்டுகிறாள். காலையில் பீச்சியதை, கால் படாத இடமாகப் பார்த்துத் தேயிலைத் தூரில் ஊற்றிவிட்டு வந்தவள் அவள்தான். “இருங்கக்கா, ஜீப்பு வரட்டும்.”

கீழ் வளைவில் கியர் மாறும் சத்தம் கேட்கிறது. இசக்கியம்மா முழங்கையூன்றி எழுகிறாள். டிரைவர் சில்வஸ்டர் அதே கூடையோடு உள்ளே வருகிறான். கூடையில் பிள்ளை இல்லை. அவள் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறாள். “ஏனுங்க, பயப்படாதீங்க, பாப்பா நல்லாருக்குதுங்க. பாலாடையில ஊட்டறதுக்கு உங்க பாலைக் கேட்டு உட்டிருக்காங்க.” பஞ்சுக்கு நடுவே கழுவிய பாட்டில் ஒன்று கிடக்கிறது. சில்வஸ்டர் வெளியே போனதும் தபித்தாள் கதவைச் சாத்துகிறாள்.

நிறைந்த பாட்டிலை இசக்கியம்மாவே வாங்கி, மடியில் வைத்த கூடையில் படுக்கவைக்கிறாள். குளிர் படாமல் கழுத்துவரை பஞ்சை இழுத்துவிடுகிறாள். ஜீப் மஞ்சுக்குள் இறங்குகிறது. அதன் சத்தம் அடங்கிய பிறகும், கூடை இருந்த மடியை அவள் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.